விமானத்தில் யார் பக்கத்தில் யார்? டிக்கெட் போடும் முன் சில வார்த்தைகள்

(உம்ராவுக்குப் புறப்படும் குடும்பங்களுக்காக நமது டிரஸ்ட் அலுவலகத்தில் நடந்த பயண விளக்கக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

உம்ராவின் அமல்களைப் பற்றி நம் ஹஜ்ரத் அவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். இஹ்ராம், தவாஃப், ஸயீ இவற்றில் நாங்கள் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை. எங்கள் பங்குக்கு வந்திருப்பது ஒரு சின்ன விஷயம். விமானத்தில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதுதான் அது. இதற்கும் ஒரு பேச்சா என்று உங்களில் சிலர் சிரிப்பது தெரிகிறது. போன பயணம் வரை நாங்களும் சிரித்திருப்போம்.

அந்தப் பயணத்தில் பதினோரு பேர் போனோம். எழுபது வயது தாண்டிய உம்மா ஒருவரும், துணைக்கு அவருடைய மகளும் அதில் இருந்தார்கள். உம்மா சர்க்கரை நோயாளி; இன்சுலின் போடுகிறவர். அவர் முதலிலேயே பெயர் கொடுத்துவிட்டார். மகளுக்குப் பாஸ்போர்ட் வரத் தாமதமானதால், இருபது நாள் கழித்து அவருக்குத் தனியாக டிக்கெட் எடுத்தோம். தேதி ஒன்று, விமானம் ஒன்று. அப்புறம் என்ன என்று விட்டுவிட்டோம்.

விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் கையில் வந்தபோதுதான் பார்த்தோம். மகளுக்குப் பன்னிரண்டாம் வரிசை. உம்மாவுக்கு முப்பத்தோராவது வரிசை. அதுவும் நடு இருக்கை. இரண்டு பக்கமும் அறிமுகம் இல்லாத ஆண்கள். கவுண்டரில் கேட்டோம், விமானம் நிரம்பிவிட்டது என்றார்கள். உம்மாவின் மருந்து, பிஸ்கட், பேரீச்சம்பழம் எல்லாம் மகளின் கைப்பையில் இருந்தன.

விமானம் மேலே ஏறியதும் மகள் ஒரு தடவை வந்து பார்த்தார். "நல்லாத்தாம்ளா இருக்கேன், நீ போய் உக்காரு" என்று உம்மா அனுப்பிவிட்டார். நம் தாய்மார்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? சாப்பாட்டு வண்டி வந்தபோது பணம் கேட்பார்களோ என்று நினைத்து வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். தண்ணீர் குடித்தால் எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டிவரும், பக்கத்தில் இருப்பவரை எழுப்ப வேண்டும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. காலையில் வீட்டில் இன்சுலின் போட்டுவிட்டு வந்தவர். இரண்டு மணி நேரத்தில் வியர்த்து, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அதைக் கவனித்தது பக்கத்தில் இருந்த ஒரு வாலிபர். வளைகுடாவுக்கு வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். அவருடைய தாயாருக்கும் சர்க்கரை உண்டாம். பார்த்த உடனே புரிந்துகொண்டார். தன்னிடம் இருந்த ஜூஸைக் குடிக்கக் கொடுத்து, மணியை அழுத்திப் பணிப்பெண்ணை அழைத்து, வரிசை வரிசையாக விசாரித்து மகளைத் தேடிக் கூட்டி வந்தார். பிறகு தன் இருக்கையை மகளுக்குக் கொடுத்துவிட்டு, முன்னால் பன்னிரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். இவ்வளவும் நடக்கும்போது, குழுவுக்குப் பொறுப்பாளர்களாகிய நாங்கள் பத்து வரிசை முன்னால் தூங்கிக்கொண்டிருந்தோம். இறங்கும் அவசரத்தில் அந்தப் பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக.

அல்ஹம்துலில்லாஹ், உம்மா நலமாக உம்ரா முடித்துத் திரும்பினார்கள். ஆனால் தவறு யாருடையது? விமான நிறுவனத்தின் மேல் போட முடியாது. இருபது நாள் முன்னால், இதே மேசையில், நாங்கள் செய்த தவறு அது. அதனால்தான் இந்தப் பேச்சு.

நமக்கெல்லாம் ரயில் பழக்கம். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம்; மேல் பெர்த் கிடைத்துவிட்டால் எதிரில் இருப்பவரிடம் "அண்ணாச்சி, வயசான ஆளு, கொஞ்சம் மாறிக்கிடுதீகளா" என்கிறோம். தாழையூத்து தாண்டுவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். அந்த நம்பிக்கையில் விமானத்திலும் ஏறுகிறோம். விமானத்தில் நிலைமை வேறு. பக்கத்து இருக்கைக்காரர் அதற்கென்று தனியாகப் பணம் கட்டியிருக்கலாம். அவரும் தன் குடும்பத்தோடு இருக்கலாம். ஏறி உட்கார்ந்தபின் சரிசெய்யும் விஷயம் அல்ல இது. டிக்கெட் போடும் மேசையில் முடிவாகிற விஷயம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். டிக்கெட் வாங்கினால் உங்களுக்கு விமானத்தில் இடம் உண்டு. ஆனால் எந்த இடம் என்பது அதில் அடங்காது. விரும்பிய இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் வாங்கிக்கொள்ள நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அனுமதி கொடுத்திருக்கிறது. பணம் கட்டியவர்கள் ஜன்னல் ஓரத்தையும் நடைபாதை ஓரத்தையும் எடுத்துக்கொண்ட பிறகு, மீதி இருப்பதை கம்ப்யூட்டர் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. மீதி என்பது பெரும்பாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் நடு இருக்கைகள்தான்.

கம்ப்யூட்டருக்கு உம்மா, மகள் என்பது தெரியாது. அதற்குத் தெரிந்த உறவு ஒன்றே ஒன்று: பி.என்.ஆர். என்கிற அந்த ஆறு எழுத்து எண். ஒரே பி.என்.ஆரில் இருந்தால் ஒரு குடும்பம்; வேறு வேறு என்றால் அந்நியர்கள். எனவே முதல் விதி: ஒருவருக்கொருவர் தேவைப்படுகிறவர்கள் ஒரே பி.என்.ஆரில் இருக்க வேண்டும். அதற்காக ஒருவரின் பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே தனித்தனியாக எடுத்துவிட்டீர்களா? ஏஜெண்டிடமோ விமான நிறுவனத்திடமோ இரண்டு எண்களையும் கொடுத்து, இவர்கள் சேர்ந்து பயணம் செய்கிறவர்கள் என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் இருக்கை உறுதி கிடையாது. ஆனாலும் சொல்லாமல் இருப்பதைவிட மேல்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2024 ஏப்ரலில் டி.ஜி.சி.ஏ. ஓர் உத்தரவு போட்டது. 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, அதே பி.என்.ஆரில் பயணிக்கும் தாய், தகப்பன் அல்லது பாதுகாவலர் ஒருவர் பக்கத்தில் இருக்கை கொடுக்க வேண்டும். அதற்குப் பதிவும் வைக்க வேண்டும் என்று விமான நிறுவனங்களுக்குச் சொன்னது. கவுண்டரில் மறுத்தால் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் அதில் இரண்டு வார்த்தைகளைக் கவனியுங்கள். ஒன்று, "அதே பி.என்.ஆர்." பேரனை வேறு டிக்கெட்டில் போட்டுவிட்டு அந்த உத்தரவைக் காட்ட முடியாது. இரண்டு, "ஒருவர்." தாயும் தகப்பனும் இரண்டு பேருமே பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. கணவன் மனைவியைப் பற்றியோ, எழுபது வயது உம்மாவைப் பற்றியோ அந்த உத்தரவில் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அடுத்து, செலவு. "ஆறு பேருக்கும் இருக்கைக்குப் பணம் கட்ட எங்களால் முடியாதே" என்பீர்கள். கட்ட வேண்டாம். குடும்பம் முழுவதும் ஒரே வரிசையில் வேண்டும் என்று தேடாதீர்கள்; யாருக்கு யார் தேவை என்று மட்டும் பாருங்கள். நோயாளிக்கு மருந்து தெரிந்தவர். மொழி தெரியாதவருக்கு மொழி தெரிந்தவர். பிள்ளைக்குத் தாய். முதல் தடவை ஏறும் பெண்ணுக்கு அவருடைய மஹ்ரம். இப்படி இரண்டு இரண்டு பேராகச் சேர்த்து, கட்டாயம் தேவைப்படும் ஜோடிக்கு மட்டும் பணம் கட்டுங்கள். கல்லூரியில் படிக்கும் பையன் நடு இருக்கையில் தனியாக நாலு மணி நேரம் உட்கார்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

இருக்கை எடுக்கும்போது விமானத்தின் அமைப்பையும் பாருங்கள். தூத்துக்குடி வாகைக்குளத்திலிருந்து சென்னைக்குப் போகும் சிறிய ஏ.டி.ஆர். விமானத்தில் பக்கத்துக்கு இரண்டு இருக்கை. இருவருக்கு அது வசதி. திருவனந்தபுரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் பறக்கும் பெரும்பாலான விமானங்களில் பக்கத்துக்கு மூன்று. அதில் வயதானவருக்கு நடைபாதை ஓரம், துணைக்கு வருபவருக்கு நடு இருக்கை. பெண்களாக இருந்தால் ஜன்னலையும் நடுவையும் எடுத்து, கூட வரும் ஆண் ஓரத்தில் உட்காரலாம். அந்நியர் பக்கத்தில் உட்காரும் சங்கடம் இராது. ஒரே வரிசையில் நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்றாலும் போதும். கை நீட்டினால் தொடலாம்.

கால் நீட்ட வசதி என்று அவசர வழி ஓரத்து இருக்கையைப் பெரியவர்களுக்குப் பணம் கட்டி எடுக்காதீர்கள். வயதானவர்கள், பிள்ளைகள், கர்ப்பிணிகள், உதவி தேவைப்படுகிறவர்கள் அங்கே உட்கார அனுமதி இல்லை. பணியாளர்கள் எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கைக்குழந்தையோடு போகும் தாய்மார்கள் இரண்டு பேர் ஒரே மூன்று இருக்கை வரிசையில் உட்காரவும் பொதுவாக விடுவதில்லை. அக்காள் தங்கை இரண்டு பேருக்கும் குழந்தை இருந்தால் முன்னும் பின்னுமாக எடுங்கள். காரணம், மூன்று இருக்கைக்கு மேலே பொதுவாக நான்கு ஆக்சிஜன் மாஸ்க்குகள்தான் இருக்கும். ஒரு குழந்தைக்குத்தான் அது காணும்.

பணம் கட்டாதவர்களுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. வெப் செக்-இன். நிறுவனத்தைப் பொறுத்து, விமானம் புறப்படுவதற்கு 48 மணி நேரமோ 24 மணி நேரமோ முன்னால் அது திறக்கும். திறந்த உடனே செய்தால் சேர்ந்த இருக்கைகள் கிடைக்க வழி உண்டு. அது முடியாவிட்டால் கவுண்டர் திறக்கும் நேரத்திலேயே முதல் ஆட்களாகப் போய் நில்லுங்கள். நமக்குத் திருவனந்தபுரமோ மதுரையோ, மூன்று மணி நேரத்துக்குக் குறையாத சாலைப் பயணம். வழியனுப்ப வந்த சொந்தங்களோடு வழியில் இறங்கி டீ குடிக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் சேர்ந்த இருக்கை போய்விடுகிறது.

ஷார்ஜா வழியாகவோ மஸ்கட் வழியாகவோ ஜித்தா போகிறவர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. அது இரண்டு விமானம். முதல் விமானத்தில் சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டாவதிலும் சேர்ந்தே கிடைக்கும் என்பதில்லை. இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கை போட வேண்டும். திரும்பி வரும்போது இன்னும் இரண்டு. எனவே ஏஜெண்டிடம், "எல்லா விமானத்துக்கும் சீட் நம்பர் போட்டுத் தாங்க" என்று கேட்டு, தாளில் எழுதி வாங்குங்கள். பெரிய குழுவாக டிக்கெட் எடுக்கும்போது இருக்கைகளை மொத்தமாக ஒதுக்குவார்கள். அப்போது யாருக்கு யார் என்ற பட்டியலை நீங்கள்தான் ஏஜெண்டிடம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும்.

ஹஜ் கமிட்டி மூலம் விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கும் இதே பாடம்தான். அங்கே பி.என்.ஆருக்குப் பதில் "கவர்." ஒரு கவரில் பெரியவர்கள் ஐந்து பேர் வரை சேரலாம். 45 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் மஹ்ரம் இல்லாமல் குழுவாக விண்ணப்பிக்கும் முறையும் 2018 முதல் இருக்கிறது. மார்க்க ரீதியாக உங்கள் மத்ஹப் என்ன சொல்கிறது என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: யாரோடு போக வேண்டும் என்பதைக் குலுக்கலுக்குப் பிறகு யோசிக்காதீர்கள், விண்ணப்பத்திலேயே யோசியுங்கள்.

வீல்சேர் பற்றி ஒரு எச்சரிக்கை. 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில் 80 வயதுப் பெரியவர் ஒருவர் மனைவியோடு அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கினார். இருவருமே வீல்சேருக்குப் பதிந்திருந்தார்கள். தட்டுப்பாட்டால் ஒன்றுதான் வந்தது. அதில் மனைவியை உட்கார வைத்துவிட்டு, அவர் கூடவே நடந்தார். குடியேற்றப் பிரிவை அடைந்தபோது மயங்கி விழுந்தார், உயிர் பிழைக்கவில்லை. அந்த விமான நிறுவனத்துக்கு டி.ஜி.சி.ஏ. 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் யாருடைய உயிரைத் திருப்பித் தரும்? இரண்டு பேருக்கும் தேவை என்றால் இரண்டு பேர் பெயரிலும் 48 மணி நேரம் முன்பே பதியுங்கள். ஒன்றுதான் வந்தது என்றால் இரண்டு பேருமே உட்கார்ந்து காத்திருங்கள். பிரியாமல் இருப்பதற்காக நடக்காதீர்கள். பிரியாமல் இருப்பதற்காகக் காத்திருங்கள்.

இவ்வளவு செய்தும் இருக்கை பிரிந்துவிட்டால்? அங்கேதான் நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுக்கம் வெளிப்பட வேண்டும்.

ஒருவரை அவருடைய இடத்திலிருந்து எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்காருவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் இடம் கொடுத்து உட்காரும்படியும் சொல்லியிருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. அதை அறிவித்த இப்னு உமர் (ரலி) அவர்கள், யாராவது தாமாக எழுந்து இடம் கொடுத்தால்கூட அதில் உட்காரமாட்டார்களாம். இரண்டு பேரை அவர்களுடைய அனுமதி இல்லாமல் பிரித்துவிட்டு நடுவில் உட்காருவது கூடாது என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஹதீஸ் இருக்கிறது. சபை ஒழுக்கமாகச் சொல்லப்பட்டதுதான். ஆனாலும் ஒருவர் தனக்கு உரிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் சபைக்கும் விமானத்துக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே மற்றவர் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டு, அவர் வந்த பிறகு "அங்க போய் உக்காருங்களேன்" என்று சொல்வது நமக்கு அழகல்ல. அது கேட்பது இல்லை, எழுப்பிவிடுவது. உங்கள் இருக்கையில் உட்காருங்கள். பணியாளர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் மூலமாகக் கேளுங்கள். காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள்: "உம்மாவுக்குச் சர்க்கரை, ஊசி மருந்து என்கிட்ட இருக்கு." ஜன்னலுக்கு ஜன்னல், ஓரத்துக்கு ஓரம் என்று சமமான இடத்தைக் கொடுங்கள். பின்வரிசை நடு இருக்கையைக் கொடுத்துவிட்டு முன்வரிசை ஜன்னலைக் கேட்பது நியாயம் ஆகாது. அவர் மறுத்தால் அது அவருடைய உரிமை. முகம் சுளிக்காதீர்கள். இஹ்ராம் துணியோடு நின்று சண்டை போடாதீர்கள்.

நம்மிடம் யாராவது கேட்டால்? அப்போது முடிந்தவரை கொடுத்துவிடுங்கள். அவர் எந்த ஊராக, எந்த மதமாக, எந்த மொழியாக இருந்தாலும் சரி. சபையில் இடம் விட்டுக் கொடுப்பவர்களுக்கு அல்லாஹ் விசாலத்தைத் தருவதாக சூரா முஜாதலாவின் பதினோராம் வசனம் நமக்குச் சொல்கிறது. நம் உம்மாவுக்கு அன்று ஒருவர் எழுந்து கொடுத்தார். அந்தக் கடன் இன்னும் நம் மேல் இருக்கிறது.

பிரிந்து உட்கார வேண்டியே வந்துவிட்டால் மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். மருந்து, அதற்குரிய டாக்டர் சீட்டு, கொஞ்சம் தின்பண்டம் இவை யாருக்குத் தேவையோ அவர் மடியிலேயே இருக்கட்டும். மணி அடிக்கும் பொத்தான் எது என்று உட்கார வைக்கும்போதே தொட்டுக் காட்டுங்கள். "சர்க்கரை நோயாளி, துணை இத்தனையாம் வரிசையில்" என்று ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து, பணிப்பெண்ணிடமும் காட்டுங்கள். இந்தத் தாள் அன்று அந்த உம்மாவிடம் இருந்திருந்தால் போதும்.

கடைசியாக, டிரஸ்ட் சார்பில் நாங்கள் எடுத்திருக்கும் முடிவுகள். இனி நம் குழுவில் ஒரு நோயாளிக்கும் அவருடைய துணைக்கும் தனித்தனி டிக்கெட் எடுக்கப்படாது. 65 வயது தாண்டியவர்களுக்கும் தொடர் மருந்து எடுப்பவர்களுக்கும், துணையோடு சேர்த்து, இருக்கைக் கட்டணத்தை டிரஸ்ட் ஏற்றுக்கொள்ளும். மூன்று பேர் பயணம் போனால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளச் சொல்லும் ஹதீஸ்படி, ஒவ்வொரு குடும்பமும் ஒருவரைப் பொறுப்பாக்கி அவர் பெயரை இன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். வாசல் பக்கம் மேசையில் தாள் இருக்கிறது. இடது பக்கம் உங்கள் பெயர். வலது பக்கம் உங்கள் பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்பது. வலது பக்கத்தை யாரும் காலியாக விட வேண்டாம். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் அதையும் எழுதுங்கள். குழுவிலேயே ஒருவரை உங்களுக்குத் துணையாக்குவது எங்கள் பொறுப்பு.

விமானம் மேலே போன பிறகு, குழுப் பொறுப்பாளர் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து எல்லா வரிசையும் பார்த்து வருவார். இந்தத் தடவை நாங்கள் தூங்கமாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் பயணங்களை அல்லாஹ் இலேசாக்கி, உங்கள் உம்ராவை ஏற்றுக்கொண்டு, போன அனைவரையும் ஒன்றாகவே தாமிரபரணிக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.